கிரேடு 4-னு பாத்ததும் கைய விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல குழந்தைங்களுக்கு வர்ற மூளைக்கட்டி பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அக்கறையா எழுதின கட்டுரைதான், இல்லன்னு சொல்லல. காலைல எந்திரிச்சதும் தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம், திடீர்னு மாறுகண்ணு, இதையெல்லாம் கேஸ் டிரபிள், கண்ணாடி பவர்னு சொல்லி தள்ளிப்போடாதீங்கனு எழுதினது ரொம்ப சரி. ஆனா அதுலயே கட்டம் கட்டி பெருசா ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, "நான்காம் கிரேடு என்றால் பிழைப்பது அரிது" அப்படினு, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அந்த கட்டத்த எங்க ஏரியால போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விட்டுட்டாங்க. கட்டுரைல மிச்சம் என்ன இருந்துச்சுனு யாரும் படிக்கல.

நான் டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். வடசென்னைல ஒரு பேத்தாலஜி லேப்ல ஹிஸ்டோ செக்‌ஷன்ல டெக்னீஷியனா இருக்கேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஆபரேஷன்ல எடுத்த சதை பார்மலின் டப்பால வரும், அத மெழுகுல பதிச்சு பிளாக் ஆக்கி, மைக்ரோடோம்ல மூணு நாலு மைக்ரான் கனத்துக்கு சீவி, வெதுவெதுனு இருக்கற தண்ணில மிதக்க விட்டு, கண்ணாடி ஸ்லைடுல அள்ளி கலர் ஏத்தி குடுக்கறது எங்க வேலை. அதுக்கு அப்பறம் மைக்ரோஸ்கோப்ல பாத்து இது இன்ன கட்டினு சொல்றது பேத்தாலஜிஸ்ட் டாக்டர். இத்தன வருஷம் அவங்க பக்கத்துல நின்னு கேட்டு கேட்டு, தெரியாதத கேட்டு தெரிஞ்சுக்கிட்டு எழுதுறேன். எழுதி முடிச்சு எங்க டாக்டரம்மா கிட்டயும் ஒரு தடவ காட்டிட்டேன்.

ரிப்போர்ட் வாங்க வர்றவங்க கவுண்டர்ல கேக்கற கேள்வி ஒவ்வொண்ணும் ஒரு ரகம். காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்துற ஒருத்தர், அவர் பொண்ணுக்கு எட்டு வயசு இருக்கும், வேற ஒரு எடத்துல ஆபரேஷன் முடிஞ்சு ரிப்போர்ட்டும் வந்துடுச்சு, அந்த பேப்பர மடிச்சு மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சு வேர்வைல பாதி எழுத்து அழிஞ்சிருந்துச்சு. அதுல மெடுல்லோபிளாஸ்டோமா, கிரேடு 4-னு இருந்துச்சு, கீழ ஒரு வரி கேஐ 67, 40 சதவீதம்னு. அவர் கேட்டது இதுதான், "சார், 40 சதவீதம் கெட்டுப்போச்சு, அப்ப மிச்சம் 60 நல்லாத்தானே கீது?" பக்கத்துல இருந்த அவங்க ஆயா, "அதெல்லாம் ஒண்ணியும் வேணாம்பா, கொழந்தய போட்டு கஷ்டப்படுத்தாத, வூட்டுக்கு இட்டுனு போயிரலாம்"னு அழுவுது. ஏன்னா யாரோ நாலாவதுனா கடைசினு சொல்லிட்டாங்க. அந்த குடும்பம் ரேடியேஷனுக்கு போகாம இருந்ததுக்கு காரணம் துட்டு கூட இல்ல சார், அந்த நாலுங்கற நம்பர்தான்.

இப்ப அந்த நாலு என்னனு பாப்போம். நம்ம ஆளுங்க ஸ்டேஜையும் கிரேடையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. ஸ்டேஜ்னா நோய் எவ்ளோ தூரம் பரவியிருக்குங்கற கணக்கு. கிரேடுனா மைக்ரோஸ்கோப்ல செல்லு எந்த லட்சணத்துல இருக்கு, ஒண்ணும் பண்ணாம விட்டா எவ்ளோ வேகமா வளரும்ங்கற கணக்கு. மெடுல்லோபிளாஸ்டோமா, அதாவது பின்மண்டைல சிறுமூளைல வர்ற கட்டி, குழந்தைங்களுக்கு வர்ற மூளை கேன்சர்லயே இதுதான் அதிகமா வர்றது, அதுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல எப்பவுமே கிரேடு 4 தான். நல்லா குணமாகிற மெடுல்லோவுக்கும் 4, மோசமா போற மெடுல்லோவுக்கும் 4. பெரியவங்களுக்கு வர்ற கிளையோபிளாஸ்டோமானு ஒண்ணு இருக்கு, அதுவும் 4, அதுல சிகிச்சை எல்லாம் பண்ணாலும் பாதிப்பேர் ஒண்ணேகால், ஒண்ணரை வருஷத்த தாண்டறதில்ல. கூகுள்ல போய் மூளைக்கட்டி கிரேடு 4-னு தட்டினா வந்து நிக்கிறது பெரியவங்க கணக்குதான், அத பாத்துட்டு எட்டு வயசு பொண்ணோட அப்பா ராத்திரி தூங்குவாரா? உங்க கட்டுரைல வந்த அந்த கட்டமும் அதே தப்ப தான் பண்ணியிருக்கு, நம்பர் ஒண்ணா இருக்கறதால நோயும் ஒண்ணுனு எடுத்துக்கிச்சு.

அந்த பிள்ளைக்கு என்ன ஆகும்ங்கறத கிரேட விட நல்லா சொல்றது சதையில இருக்கற மார்க்கருங்கதான், அதாவது கட்டி எந்த வகைனு காட்டிக்குடுக்கற ஜீன், புரோட்டீன் அடையாளங்க. 2012-ல உலகம் பூரா இருக்கற ஆராய்ச்சிக்காரங்க ஒண்ணா சேந்து மெடுல்லோபிளாஸ்டோமா ஒரே நோய் இல்ல, நாலு நோய்னு ஒத்துக்கிட்டாங்க. விண்ட், எஸ்எச்எச், குரூப் 3, குரூப் 4. 2016-ல உலக சுகாதார நிறுவனத்தோட புக்குலயே இந்த ஜீன் கணக்கு ஏறிடுச்சு, 2021-ல வந்த அஞ்சாவது பதிப்புல இன்னும் விரிவா வந்துடுச்சு. இதுல விண்ட் வகை பத்துல ஒண்ணுதான் வரும், ஆனா அது வந்த பிள்ளைங்க ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாத்தையும் முறையா முடிச்சா 100-க்கு 90-க்கு மேல அஞ்சு வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க. கிரேடு 4 தான் சார் அதுவும்! குரூப் 3-ல மிக்-னு ஒரு ஜீன் பெருகி கெடந்தா அது ரொம்ப முரடு, பாதி பிள்ளைங்கள காப்பாத்தறதே பெரும்பாடு. எஸ்எச்எச் வகைல பி53 ஜீன் கெட்டுப்போயிருந்தா அதுவும் மோசம், அதோட அந்த கோளாறு சில சமயம் குடும்பத்துலயே ரத்தத்துல ஓடும், அதனால அப்பா அம்மா, கூடப்பொறந்ததுங்களுக்கும் டெஸ்ட் பாக்கணுமானு ஜெனடிக் டாக்டர கேக்கணும். ஆக ஒரே நாலு நம்பருக்குள்ள இவ்ளோ தூரம் வித்தியாசம் இருக்கு.

இத கண்டுபிடிக்கறதுக்கு ஏதோ ராக்கெட் மெஷின் வேணும்னு நெனச்சிடாதீங்க. பெரிய டெஸ்டு எல்லாம் இருக்கு, மெத்திலேஷன்னு ஒண்ணு, 2018-ல ஜெர்மனி ஹைடல்பர்க்ல இருந்து வந்தது, கட்டியோட டிஎன்ஏ மேல இருக்கற குறிய வெச்சு கம்ப்யூட்டரே இன்ன வகைனு பிரிச்சு குடுக்கும், அதுக்கு செலவு சாஸ்தி. ஆனா அடிப்படை விஷயத்த ஐஎச்சி-னு சொல்ற கலர் ஸ்டெயின்லயே நிறைய பாத்துடலாம். எங்க லேப்ல பண்ற விதத்த சொல்றேன். ஸ்லைட கரைசல்ல போட்டு பிரஷர் குக்கர்ல வேக வெப்போம், நெஜ குக்கர்தான், வீட்ல சாம்பாருக்கு பருப்பு வேக வைக்கிறோமே அதே, பார்மலின்ல இறுகி மூடிக்கிட்ட புரோட்டீனெல்லாம் அந்த சூட்டுல தெறந்துக்கும். அப்பறம் ஆன்டிபாடி போட்டு, மேல பிரவுன் கலர் வர்ற மருந்து போட்டா, அந்த புரோட்டீன் எங்க இருக்கோ அங்க மட்டும் பிரவுன் ஏறும், மத்த எடம் நீலமா நிக்கும். பீட்டா-கேட்டினின்னு ஒரு ஸ்டெயின் இருக்கு, சாதாரணமா அந்த பிரவுன் செல்லுல நியூக்ளியஸுக்கு வெளியதான் இருக்கும். விண்ட் வகையா இருந்தா பிரவுன் உள்ள நியூக்ளியஸுக்குள்ளயே புகுந்துடும். சில சமயம் ஸ்லைடு பூரா வராது, அங்க ஒரு திட்டு இங்க ஒரு திட்டுனு இருக்கும், அத தேடி புடிக்கறதுக்கு கண்ணு பழகியிருக்கணும், அதுக்கு மேல ஜீன் டெஸ்ட் போட்டு உறுதி பண்ணிக்கறது நல்லது. இதோட காப்1, யாப்1-னு இன்னும் ரெண்டு ஸ்டெயின் சேத்து போட்டா விண்ட், எஸ்எச்எச், ரெண்டும் இல்லாததுனு மூணா பிரிச்சிடலாம். குரூப் 3-யும் 4-யும் ஸ்டெயின்ல பிரிக்க முடியாது, மிக் ஜீன் பெருகியிருக்கானு எண்ணி பாக்கற ஃபிஷ்-னு ஒரு டெஸ்ட் போடணும்.

அந்த ஐஸ் லோடுக்காரர் பொண்ணோட பிளாக் எங்க லேபுக்கு வந்து ஸ்டெயின் போட்டப்ப நியூக்ளியஸ்ல பிரவுன் இருந்துச்சு, எங்க டாக்டரம்மா ரெண்டு மூணு ஏரியால திரும்ப திரும்ப பாத்துட்டு, ஜீன் டெஸ்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிட்டுதான் கையெழுத்து போட்டாங்க. அந்த பொண்ணு சிகிச்சை முடிச்சிடுச்சு. காது கொஞ்சம் மந்தம், சிஸ்பிளாட்டின் மருந்தோட வேலை அது, மெஷின் வெச்சிருக்கு.

அந்த கேஐ 67 மேட்டர தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா கவுண்டர்ல அதிகமா பீதிய கெளப்பறது அதுதான். கேஐ 67-னா பெருகிக்கிட்டு இருக்கற செல்லு எத்தன சதவீதம்ங்கற கணக்கு, அவ்ளோதான். 40-னா நூறு செல்லு எண்ணினா அதுல நாப்பது பெருகற ஓட்டத்துல இருக்குனு அர்த்தம். 40 சதவீதம் மூளை போச்சுனு அர்த்தம் இல்ல, பிழைக்க 60 சதவீதம் சான்ஸ்னும் அர்த்தம் இல்ல. அதுவும் ஒரே ஸ்லைடுல ஒரு ஓரத்துல 15 வரும், இன்னொரு எடத்துல 50 வரும், எங்க எண்றோம்ங்கறத பொறுத்து மாறும், ரெண்டு டாக்டர் எண்ணினா ரெண்டு நம்பர் வரும். மெடுல்லோல எல்லாமே வேகமா பெருகற கட்டிதான், அதனால அந்த நம்பர மட்டும் வெச்சு இந்த பிள்ளை தேறும் தேறாதுனு பெருசா ஒண்ணும் பிரிக்க முடியாது. ஆனா ரிப்போர்ட்ல சதவீதக் குறி போட்டு வர்ற ஒரே வரி அதுதான், ஜனங்க கண்ணு நேரா அங்கதான் போகுது. என்ன கேட்டா அந்த வரிக்கு பக்கத்துலயே இது பிழைக்கற சதவீதம் இல்லனு தமிழ்ல ஒரு சீல் குத்தி விடணும்.

மெடுல்லோ மட்டும் இல்ல. சின்ன கொழந்தைங்களுக்கு, மூணு வயசுக்குள்ள, ஏடிஆர்டி-னு ஒரு கட்டி வரும், பாக்க மெடுல்லோ மாதிரியே இருந்து ஏமாத்தும், ஆனா சிகிச்சை வேற, குணமும் வேற. இதுக்கு ஐஎன்ஐ 1-னு ஒரு ஸ்டெயின் போட்டா பெரும்பாலும் போதும். மத்த ஸ்டெயின்ல பிரவுன் வந்தா கண்டுபிடிச்சோம்னு அர்த்தம், இதுல பிரவுன் காணாம போனாதான் கண்டுபிடிச்சோம்னு அர்த்தம். கட்டி செல்லு எல்லாம் நீலமா நிக்கும், நடுவுல ஓடற ரத்தக்குழாய் செல்லு மட்டும் பிரவுனா நிக்கும். அந்த ரத்தக்குழாயும் நீலமா இருந்தா கட்டி மேல பழி போடக்கூடாது, எங்க ஸ்டெயின் சரியா புடிக்கலனு அர்த்தம், திரும்ப போடணும்.

மூளைத்தண்டுல, பான்ஸ் பக்கம் வர்ற கட்டில ஹெச்3 கே27எம்-னு ஒரு மார்க்கர் பாசிடிவ் வந்தா மனசு கனத்துடும், 2012-ல கண்டுபிடிச்ச மாற்றம் அது, அந்த பிள்ளைங்க பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம். அத மறைச்சு பிரயோஜனம் இல்ல. அந்த குடும்பத்துக்கும் மொதல்லயே ஒழுங்கா சொன்னா வீட்ட வித்து ஊர் ஊரா அலையாம, வலி இல்லாம பிள்ளைய வெச்சுக்க என்ன பண்ணலாம்னு யோசிப்பாங்க. எபெண்டிமோமானு இன்னொரு வகை கட்டி இருக்கு, அதுக்கு கிரேடு 2-ஆ 3-ஆங்கற சண்ட டாக்டருங்களுக்குள்ளயே ரொம்ப நாளா இருந்துச்சு, இப்ப எந்த எடத்துல வந்துச்சு, எந்த மார்க்கர் இல்ல, ஒண்ணாம் குரோமோசோம் ஒரு பக்கம் கூடியிருக்கானு பாக்கறதுதான் அதிகம் பேசுது. இன்னொரு பக்கம் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமானு கிரேடு 1 கட்டி, முழுசா எடுத்துட்டா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அதோட கத முடிஞ்சிடும், பிராஃப்-னு ஒரு ஜீன் இன்னொரு ஜீனோட ஒட்டிக்கிட்டு நிக்கிறத வெச்சு அதுதானானு தெரிஞ்சுக்கலாம். அதே பிராஃப்-ல வி600இ-னு வேற ஒரு மாற்றம் இருக்கற லோ கிரேடு கட்டிக்கு நேரா அந்த மாற்றத்தயே அடிக்கற மாத்திரை வந்துடுச்சு, 2023-ல அமெரிக்காவுல குழந்தைங்களுக்கு அனுமதி குடுத்தாங்க. அப்ப மார்க்கர் பாக்கறதுங்கறது பிழைப்பானா மாட்டானானு தெரிஞ்சுக்க மட்டும் இல்ல, என்ன மருந்து குடுக்கறதுனு முடிவு பண்றதுக்கும்தான்.

மார்க்கர் ஒண்ணும் ஜோசியம் இல்லங்கறதையும் சேத்து சொல்லிடணும், இல்லனா நாளைக்கு ஒரு கூட்டம் அத புடிச்சிக்கிட்டு ஆடும். 1990-கள்ல டிரக்-சி-ங்கற மார்க்கர் அதிகமா இருந்தா நல்லதுனு சொன்னாங்க, அப்பறம் எர்ப்-பி2 இருந்தா கெட்டதுனு சொன்னாங்க, சர்வைவின்னு ஒண்ணு பேசினாங்க. பேப்பர் பேப்பரா வந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச பிள்ளைங்கள வெச்சு பாத்தது, இன்னைக்கு தெனசரி ரிப்போர்ட்ல அதெல்லாம் இல்ல. நிலைச்சு நின்னது கொஞ்சம்தான். அதுவும் தனியா நிக்காது, ஆபரேஷன் முடிஞ்சு 72 மணி நேரத்துக்குள்ள எடுக்கற எம்ஆர்ஐ-ல மிச்சம் ஒண்ணரை சதுர சென்டிமீட்டருக்கு மேல இருக்கா, முதுகுத்தண்டுல எறங்கியிருக்கா, தண்டுவட நீர்ல செல்லு இருக்கா, பிள்ளைக்கு மூணு வயசு ஆச்சா இதெல்லாம் சேத்துதான் முடிவு. நல்ல மார்க்கர் வந்துச்சேனு சிகிச்சைய அவங்கவங்களே குறைச்சுக்கவும் கூடாது. மும்பை டாடா மெமோரியல்ல விண்ட் வகை பிள்ளைங்க சிலருக்கு மூளை, முதுகுத்தண்டு முழுசுக்கும் குடுக்கற ரேடியேஷன விட்டுட்டு கட்டி இருந்த எடத்துக்கு மட்டும் குடுத்து பாத்தாங்க, சில பிள்ளைங்களுக்கு மூளைல வேற எடத்துலயோ தண்டுவடத்துலயோ திரும்ப வந்துடுச்சு, ஆராய்ச்சிய பாதிலயே நிறுத்திட்டாங்க. அப்படி வெளிப்படையா எழுதி வெச்சதால தான் நமக்கு தெரியுது, அவங்களுக்கு ஒரு சலாம். இப்ப வெளிநாட்டுல சாதாரணமா குடுக்கற 23.4 கிரேல இருந்து (கிரேங்கறது ரேடியேஷன அளக்கற கணக்கு) 18-க்கு குறைச்சு பாக்குறாங்க. குறைக்கணும்னு ஏன் துடிக்கிறாங்கனா, ரேடியேஷன் வளர்ற மூளைய தொட்டுட்டு போகும், படிப்பு, உயரம், ஹார்மோன் எல்லாம் அடி வாங்கும். ஆபத்து அதிகம்னு வந்தா 36 கிரே வரைக்கும் போவாங்க. அப்ப எந்த பிள்ளைக்கு எவ்ளோனு முடிவு பண்ண கையில சரியான ரிப்போர்ட் இருக்கணுமா இல்லையா?

இங்கதான் எனக்கு கோவம் வருது. ஆபரேஷன் என்னமோ நல்லாத்தான் பண்றாங்க. 1950-லயே டாக்டர் பி. ராமமூர்த்தி நம்ம ஜிஎச்ல நியூரோசர்ஜரி ஆரம்பிச்சு வெச்ச ஊரு இது. 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறுல கேன்சருக்குனே ஆஸ்பத்திரி கட்டின ஊரு. கட்டிய எடுத்ததுக்கு அப்பறம் அந்த சதைக்கு நடக்கற கூத்த யாரும் பாக்கறதில்ல. பார்மலின் டப்பால சதைய விட பத்து மடங்கு திரவம் இருக்கணும், சின்ன டப்பால திணிச்சு மேல ரெண்டு சொட்டு ஊத்தி அனுப்பறாங்க. ஒரு தடவ வெறும் சலைன்ல போட்டு சொந்தக்காரர் கையில குடுத்து, அவர் சித்திரை வெயில்ல ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து சேர்றதுக்குள்ள சதை கொழகொழனு ஆகி, அதுல எந்த ஸ்டெயினும் நம்ப முடியாத மாதிரி வந்துச்சு. எந்த எடம்னு சொல்ல மாட்டேன், பேர் சொல்லி என்ன ஆகப்போகுது. அந்த சதை திரும்ப வராது, அதுக்காக பிள்ளை மண்டைய இன்னொரு தடவ தொறக்க முடியுமா? பார்மலின்லயே வாரக்கணக்குல ஊற விட்டாலும் புரோட்டீன் இறுகிப்போய் கலர் புடிக்காது. வந்த அன்னைக்கே இல்லனா மறுநாள் புராசஸுக்கு ஏத்தணும், ரெண்டு மூணு நாளுக்கு மேல போகக்கூடாது.

ஆனா ஒரு தடவ மெழுகு பிளாக் ஆயிடுச்சுனா அது வருஷக்கணக்குல கெடக்கும், ஒண்ணும் ஆகாது, ஃப்ரிட்ஜ் கூட வேணாம். அதனால பெத்தவங்களுக்கு சொல்றேன், டிஸ்சார்ஜ் ஆகும்போது ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, பிளாக் எங்க இருக்கு, நம்பர் என்னனு எழுதி வாங்குங்க. அடையாறோ வேலூரோ மும்பையோ, அடுத்து எங்க போனாலும் அவங்க மொதல்ல கேக்கறது பிளாக்தான், ஸ்லைடு மட்டும் இருந்தா புது ஸ்டெயின் போட வழி இல்ல. எழுதி குடுத்து கேட்டா குடுப்பாங்க, குடுக்கணும். "பிளாக் வெச்சிருக்கறவர் லீவு, திங்கக்கிழம வா"னு அலைய விடற எடமும் இருக்கு, சளைக்காம போய் நில்லுங்க. கொண்டு போகும்போது பஞ்சு சுத்தி சின்ன டப்பால போட்டு கைப்பைல வெச்சுக்குங்க. மெழுகு 56, 58 டிகிரிலயே உருக ஆரம்பிச்சிடும், வெயில்ல நிக்கிற கார்ல, பைக் டேங்க் கவர்ல வெச்சுட்டு டீ குடிக்க போனா திரும்பி வர்றதுக்குள்ள ஓரம் எல்லாம் இளகி நிக்கும், அப்படி நசுங்கி வந்த ஒரு பிளாக்க திரும்ப மெழுகு ஊத்தி பதிச்சு சீவி எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிரே போச்சு.

இன்னொண்ணு நேரம். மெடுல்லோவுக்கு ஆபரேஷன் ஆன ஏழு வாரத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிச்சுடணும்னு டாக்டருங்க சொல்றாங்க, தள்ளிப்போனா குணம் குறையுது. அந்த ஏழு வாரத்துல பிள்ளை தேறி வரணும், தையல் பிரிக்கணும், முதுகு எம்ஆர்ஐ எடுக்கணும், இதுக்கு நடுவுல சாதா ரிப்போர்ட்டே பத்து நாள், அப்பறம் ஸ்டெயின் வெளிய எங்கயாவது போடணும்னு எழுதி குடுத்து, அதுக்கு துட்டு பொரட்டி, பிளாக் வாங்கி, கூரியர் போட்டு, அது வந்து சேர்றதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. எங்க பக்கம் பாருங்க, எண்ணூர், திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைனு இவ்ளோ ஜனம். தெனக்கூலி ஆளுக்கு ஒரு நாள் லேபுக்கு அலஞ்சா அன்னைக்கு அடுப்பு எரியாது.

இதுக்கு கேக்கறது பெரிய ஆசை இல்ல. குழந்தைக்கு மூளைக்கட்டி ஆபரேஷன் நடக்கற எந்த அரசு ஆஸ்பத்திரியா இருந்தாலும், பீட்டா-கேட்டினின், காப்1, யாப்1, பி53, ஐஎன்ஐ 1, கே27எம் இந்த ஆறு ஸ்டெயினும் கேக்காமலே, மொத ரிப்போர்ட்டோடவே கட்டிக்கு ஏத்த மாதிரி போட்டு வரணும். எல்லா எடத்துலயும் ஆன்டிபாடி வாங்கி வெச்சா வருஷத்துக்கு நாலு கேஸுக்கு காலாவதி ஆகிடும்னு சொல்வாங்க, அது நெஜம்தான், அந்த சின்ன பாட்டில் வெல எனக்கு தெரியும். அதனால ஊருக்கு ஒரே எடத்துல வெச்சு, மத்த ஆஸ்பத்திரி எல்லாம் பிளாக்க அங்க அனுப்பட்டும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாதிரி வடசென்னைல இருக்கற எடத்துலயே அத வெச்சா எங்க ஜனத்துக்கு அலைச்சல் மிச்சம். ஜீன் டெஸ்ட் வேணுங்கற கேஸ மட்டும் மேல அனுப்பினா போதும். மெழுகு பிளாக்ல இருந்தே பிசிஆர் போட்டு நாலு வகையையும் பிரிக்கற முறைய நவி மும்பைல இருக்கற ஆக்ட்ரெக் கேன்சர் ஆராய்ச்சி மையத்துலயே 2013 வாக்குல செஞ்சு காட்டிட்டாங்க, நம்ம நாட்டு சரக்கு, நம்ம நாட்டு பிள்ளைங்க சதைய வெச்சே பண்ணது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா எங்க கவுண்டருக்கு வர்றவங்க ஸ்டெயினுக்கு கையில இருந்து கட்டிட்டுதான் போறாங்க, சில பேர் தோடு கழட்டி குடுத்துட்டு வர்றாங்க. ஆபரேஷனுக்கு லட்சத்துல குடுக்கற எடத்துல அந்த லட்சத்துக்கு என்ன பலன்னு சொல்ற டெஸ்ட வெளிய நிறுத்தறது என்ன நியாயம்னு எனக்கு புரியல. 2018-ல உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள்ள கேன்சர் வந்த குழந்தைங்கள்ல 60 சதவீதம் பேராவது பிழைக்கணும்னு ஒரு இலக்கு வெச்சுது, அதுக்குனு எடுத்துக்கிட்ட ஆறு நோய்ல லோ கிரேடு மூளைக்கட்டியும் ஒண்ணு. 2030 ஒண்ணும் தூரத்துல இல்ல.

ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கறத தப்பு சொல்லல, டாக்டருங்களுக்குள்ள அது வேணும். கூடவே அரைப்பக்கம் தமிழ்ல, இது என்ன கட்டி, என்ன மார்க்கர் பாத்தோம், எது பாக்கி இருக்கு, அடுத்து எந்த தேதிக்குள்ள யார பாக்கணும்னு குடுத்தா போதும். அத எழுதி டைப் பண்ற வேலைய எங்கள மாதிரி டெக்னீஷியனே பண்ணிடுவோம், டாக்டர் படிச்சு பாத்து கையெழுத்து போட்டா போதும்.

உங்க பக்கம் நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழம அதே பக்கத்துல, அதே அளவு கட்டத்துல, குழந்தைங்க மெடுல்லோ கிரேடு 4 வேற, பெரியவங்க கிளையோபிளாஸ்டோமா கிரேடு 4 வேற, மார்க்கர் ரிப்போர்ட் பாக்காம எந்த முடிவும் எடுக்காதீங்கனு போடுங்க. ஒரு குழந்தைங்க கேன்சர் டாக்டர் கிட்டயும் ஒரு பேத்தாலஜிஸ்ட் கிட்டயும் காட்டி சரி பாத்துட்டு போடுங்க, சர்ஜன் ஒருத்தர மட்டும் கேட்டு போடாதீங்க. எழுத்த கொஞ்சம் பெருசா போட்டீங்கனா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறவங்களுக்கும் தெளிவா விழும். என் பேர் போட வேணாம், வேலைல இருக்கற ஆளு.

இப்படிக்கு,
ஒரு ஹிஸ்டோ லேப் டெக்னீஷியன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.